எலக்ட்ரானும் சூப்பர்வைசரும்

கூடலூரிலிருந்து ஊட்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். பைக்காரா தாண்டியதும் அந்தம்மா சொன்னது காதில் விழுந்தது.

"ஏனுங்க, உங்க எலக்ட்ரானால எனக்கு வேலை போயிரும் போலிருக்குதுங்க."

"நான் என்ன பண்ணினேன்? எலக்ட்ரானை யாராச்சும் கவனிச்சா ஒரு மாதிரி நடந்துக்கும், கவனிக்கலைன்னா வேற மாதிரி நடந்துக்கும்னு என் யூடியூப் சேனல்ல சொன்னேன். சனங்களுக்குப் புரியோணும்ல, ஒரு உதாரணம் வேண்டாமா?"

"அதுக்கு எங்க டீ எஸ்டேட்டுதான் கிடைச்சுதா? சூப்பர்வைசர் பார்த்தா ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு கிள்ளுவாங்க, அவர் தலை மறைஞ்சா முத்தின இலையும் கூடைக்குப் போகும்னு சொல்லி வெச்சிருக்கீங்க. அவரு வீடியோவைப் பார்த்துட்டாருங்க. நேத்து பூராவும் என் பின்னாலயே நின்னாரு."

"கமெண்ட்ல எல்லாரும் ஒண்ணும் புரியலைன்னு போட்டிருந்தாங்க." அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. "அவருக்காச்சும் புரிஞ்சுதே."

நாலைந்து வளைவு கழிந்ததும் அந்தம்மா கேட்டார்.

"அடுத்த வீடியோ எதைப் பத்திங்க?"

"ஒரே துகள் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்கறதைப் பத்தி."

"அதுக்கு என்ன உதாரணம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏனுங்க, உங்களைத்தான். போன வாரம் எஸ்டேட்ல வேலைக்கு வந்ததா பேர் குடுத்துட்டு என் தங்கச்சி வளைகாப்புக்குப் போனேனே, அதையா சொல்லப் போறீங்க?"

"காலையிலயே போட்டாச்சு," என்றார்.