ஒண்ணுமில்லை, க்ளீனா இருக்கு

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டால் ஜனங்கள் உடனே புதிது வாங்கத்தான் நினைக்கிறார்கள். அது தேவையே இல்லை, சார். வேண்டாததை நீக்கினாலே போதும். சிட்டிபாபு வந்தால் வீண்செலவு வைக்கமாட்டான் என்று ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்தில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

பொழிச்சலூர்க்காரர் தன் கம்ப்யூட்டரைப் பற்றிக் கொடுத்த புகாருக்காக என்னை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்திருக்கிறீர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் லேப்டாப்பைத் திறந்தால் மாடம்பாக்கத்தில் சின்மயி மேடத்தின் வீடும் தெரியும். அதை நானே சொல்லிவிடுவதுதான் முறை.

மேடம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். கணவர் ஷ்யாம்சுந்தர் சாருக்கு பேங்க் வேலை. எதையோ இலவசமாக டவுன்லோடு செய்யப்போய், திரை முழுக்க விளம்பரமாகக் கொட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் படுக்கையறை மூலையில் இருந்தது. வைரஸ்களுக்கு நடுவே ஓர் உளவு மென்பொருளும் உட்கார்ந்திருந்தது. முகம் தெரியாத எவனோ, மேடம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் படித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு அநியாயம், சார். எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்தேன்.

மேடம் காபி கொடுத்தார். "இனிமே யாரும் உள்ள வர மாட்டாங்கல்ல அண்ணா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்னுடைய மென்பொருள் ஒன்றை உள்ளே வைத்துவிட்டு வந்தேன். காவலுக்கு.

முதலில் எப்போதாவதுதான் பார்த்தேன். பிறகு அவர் பாடம் எடுக்கும்போதெல்லாம் கேமரா வழியாகப் பார்த்தேன். பாடம் முடிந்ததும் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொள்வார். அந்த வீட்டில் அவரைக் கவனிக்க ஆளில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒருநாள் பெங்களூரில் வேலை கிடைத்திருப்பதாக அவருக்கு மெயில் வந்தது. தெரியாத ஊரில் தனியாக என்ன செய்வார்? நீக்கிவிட்டேன். அதற்குள் அவர் படித்துவிட்டிருந்தது எனக்குத் தெரியாது. சாயங்காலம் கணவருக்குக் காட்டத் தேடினார். "என் கண்ணால பார்த்தேங்க" என்றார். "ரொம்ப ஆசைப்பட்டுட்டே, அதான் அப்படித் தோணுது" என்றார் சார். அந்தக் கம்பெனிக்கு மேடம் எழுதிக் கேட்ட மெயிலும் போய்ச் சேரவில்லை. அதையும் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

அதன்பிறகுதான் கேமரா விளக்கு தானாக எரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். அதன்மேல் துணியைப் போட்டு மூடினார். பாடத்தை நடுவிலேயே நிறுத்தினார். கடைசியில் சார் என்னைக் கூப்பிட்டார்.

"சிட்டிபாபு, எனக்கு உண்மை தெரியணும். உள்ள ஏதாவது இருக்கா?"

"நீங்களாவது சொல்லுங்க அண்ணா. யாரோ என்னைப் பார்த்துக்கிட்டே இருக்காங்க" என்றார் மேடம்.

இருவர் முன்னாலும் ஸ்கேன் ஓட்டினேன். என்னுடையது எந்த ஸ்கேனிலும் தெரியாது.

"ஒண்ணுமில்லை சார். க்ளீனா இருக்கு" என்றேன்.

மேடம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அதன்பிறகு என்னை அந்த வீட்டுக்குள் விட்டிருப்பார்களா, சொல்லுங்கள்.

மனநல டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மேடம் அதைக் கணவருக்குத் தெரியாமல் துப்பிவிடுவார். துணியை எடுத்துவிடச் சொன்னாராம் டாக்டர், பயம் போகவேண்டும் என்று. ஒரு மதியம் மேடம் எதையும் தொடாமல் கேமராவுக்கு நேரே வந்து உட்கார்ந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இருக்கீங்களா?" என்றார்.

என் கடையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். பதில் இல்லை என்றதும் அழுதார். அன்றிலிருந்து துப்பாமல் மாத்திரையை விழுங்குகிறார். எனக்குத்தான் அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை, சார். யார் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தாலும், கறுத்த திரையில் என் முகம் தெரியும் அந்த நொடியில், "இருக்கீங்களா" என்று கேட்கிறது. ஆனது ஆகட்டும் என்று வேலையைத் தொடர்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் மேடத்திடம் சொல்லிவிடாதீர்கள். தனக்கு வந்தது நோய்தான் என்று இப்போதுதான் நம்பத் தொடங்கியிருக்கிறார். உண்மை தெரிந்தால் பயந்துவிடுவார். இப்போது பாவம், நிம்மதியாகத் தூங்குகிறார். இன்று காலை நீங்கள் கடைக்குள் வரும்வரை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.