ரெண்டையும் மூணையும் கூட்டினால் ஆறு

பாபநாசம் தாண்டி, கூலி உயர்வு கேட்டு நடந்த மறியலில் பஸ் நின்றுவிட்டது. என் முன்சீட்டில், லாக் டேபிள் எனும் மடக்கை அட்டவணைப் புத்தகத்தை மடியில் விரித்தபடி, கணக்குப் பரீட்சைக்குப் போகும் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

“ரெண்டோட லாக்கையும் மூணோட லாக்கையும் கூட்டினா அஞ்சோட லாக்தானே, ராஜம்?”

“ஆறோடதுடி, செல்வி.”

“உளறாதடி. இந்தத் தடவையும் கோட்டை விட்டா அப்பா காலேஜை நிறுத்திருவாரு.”

“டேபிளை நீயே பாரேன்.”

செல்வி விரல் வைத்துத் தேடிக் கூட்டிப் பார்த்தாள்.

“ஆமாண்டி, ஆறோடதுதான்! லாக்கைக் கூட்டினா நம்பர் பெருகிக்குதா?”

“அதேதான்.”

“அப்ப எட்டுக்கு, ரெண்டோட லாக்கை மூணு தடவை கூட்டணும்!”

“இதை நான் சொல்லவே இல்லையேடி!”

செல்வி டேபிளை மூடிப் பையில் வைத்தாள்.

“அம்மாடி! எவ்வளவு பெரிய பெருக்கலும் கூட்டல்தானா? இறங்குடி ராஜம், பரீட்சைக்கு அடிமேல அடி கூட்டி நடந்தே போயிரலாம்.”