நான்கு சிவப்பு முடிச்சு

மலையில் மஞ்சு விலகும் முன்பே வந்து இந்த நாற்காலிகளைத் துடைத்துப் போட்ட கைகளுக்கு என் முதல் வணக்கம். இந்த மருத்துவ முகாமுக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியை கேத்தரின் அவர்களே, மலையேறி வந்திருக்கும் மருத்துவர் விசாலாட்சி அவர்களே, வெள்ளகவியிலிருந்து செங்குத்துப் பாதையில் நடந்தே வந்த அக்காமார்களே, நாயுடுபுரத்துத் தாய்மார்களே, முன்வரிசையில் முறுக்குக் கொறிக்கும் என் வகுப்புத் தோழிகளே! ஒன்பதாம் வகுப்பு ஷர்மிளாவின் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு பெண்மையின் பெருமை. நான்கு பக்கம் மனப்பாடம் செய்திருந்தேன். நேற்று மருத்துவர் எங்கள் பள்ளியில் சொன்ன ஒரு செய்தியில் அந்த நான்கு பக்கமும் மறந்துபோயின. இரவு சோறு இறங்கவில்லை. அந்த அதிர்ச்சியைத்தான் உங்களுக்குப் பரிமாற வந்திருக்கிறேன்.

என் அம்மா அருள்மேரி ஓட்டல் ஒன்றின் துணி அறையில் வேலை செய்கிறார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கறை போகாத விரிப்பின் முனையில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டால், மறுபடி துவைக்க வேண்டும். நான்கு முடிச்சுப் போட்டால், கத்தரித்துத் துடைக்கும் துணியாக்க வேண்டும். போன சீசனில் புதிதாக வந்த ஓர் ஆள், காவலாளி பொன்னுச்சாமி தாத்தா வெளுக்கப் போட்ட காக்கிக் கோட்டில் நான்கு முடிச்சுப் போட்டுவிட்டார். அம்மா எண்ணினார்கள், வெட்டினார்கள்.

மறுநாள் காலையில் கோட் இல்லாத காவலாளியை மேலாளர் வாசலில் நிற்க விடவில்லை. எட்டு மணிக்குள் மூன்று காட்டுமாடுகள் உள்ளே! இரண்டு டேலியாப் பாத்தியில். ஒன்று வரவேற்பறைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதாம்.

சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஏனம்மா வெட்டினீர்கள் என்றும் கேட்டேன். அம்மா சொன்னார்கள்: "முடிச்ச எண்ணுறதுதான்டி என் சோலி. யாரு போட்டாங்கன்னு பாக்குறது என் சோலியா?"

அவையோரே, நேற்று நான் திடுக்கிட்டது எதற்காக? இதே துணி அறை நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது!

செல்லுக்குள் செய்தி சொல்பவை புரதங்கள். வளர் என்று ஒன்று சொல்லும், பிரி என்று ஒன்று சொல்லும், நில் என்று ஒன்று சொல்லும். வேலை முடிந்த புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்னும் சின்னப் புரதத்தைச் சங்கிலியாகக் கோத்து முடிச்சுப் போடுகின்றன சில நொதிகள். புரோட்டியசோம் என்னும் கத்தரி அதைத் துண்டாக்குகிறது. துண்டாக்காவிட்டால் என்ன ஆகும்? பிரி என்று சொன்னது சொல்லிக்கொண்டே இருக்கும். செல்லும் பிரிந்துகொண்டே இருக்கும். வெட்டுவதும் காப்பதுதான் தாய்மார்களே!

ஆனால் எச்பிவி என்றொரு கிருமி. பலர் உடம்பில் வரும், பெரும்பாலும் தானே போய்விடும். சிலரிடம் தங்கிவிடும். கருப்பைவாயில் தங்கிய அது என்ன செய்கிறது தெரியுமா? பழுதான செல்லைப் பார்த்து நில் என்று சொல்லும் காவலர் ஒருவர் உண்டு. அவர் பெயர் பி-53. அவரோடு கிருமி சண்டை போடுவதில்லை. நம் செல்லிலேயே முடிச்சுப் போடும் ஆளைக் கூட்டிவந்து, காவலர் முதுகில் முடிச்சுப் போட வைக்கிறது. நம் கத்தரியே நம் காவலரை வெட்டுகிறது! கத்தரிக்குத் தெரியுமா? அது முடிச்சை எண்ணுகிறது, அவ்வளவுதான். சத்தமில்லை, வலியில்லை. ஆண்டுக்கணக்கில் வாசலில் ஆளில்லை! கடைசியில் அங்கே கருப்பைவாய்ப் புற்றுநோய்!

என்ன அக்கா? வலியில்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? இந்த மேடைக்குப் பின்னால் பச்சைத் திரை தெரிகிறதே, அதற்குள் ஐந்து நிமிடச் சோதனை. புற்றாகும் முன்பே கண்டுவிடலாம் என்கிறார் மருத்துவர். எங்களைப் போன்றவர்களுக்குக் கிருமியே வராமல் தடுக்கும் ஊசியும் இருக்கிறது. நான்கு மணிக்கு ஜீப் கிளம்பிவிடும். காலையிலிருந்து அந்தத் திரையைத் தாண்டியவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை! அதிர்ச்சியாக இல்லையா? பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பாள் என்ற வெட்கம், காட்டுமாட்டை விடப் பெரியதா?

அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சோதனைக்கு மூன்று முறை வந்த அழைப்புச் சீட்டை நீங்கள் சர்க்கரை டப்பாவின் அடியில் வைத்ததைப் பார்த்தேன். இரண்டு மாதமாக அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறுவதையும் பார்த்தேன். ஊர் முன்னால் கேட்கிறேன், உள்ளே போங்கள்.

அமைதி, அமைதி. மூன்றாவது வரிசையிலிருந்து என் தாயார் ஏதோ சொல்கிறார்கள். அவர்களிடம் மைக் இல்லாததால் நானே திருப்பிச் சொல்கிறேன்: "நேத்து ஸ்கூல்ல ஊசிக்குப் பயந்து லைப்ரரியில ஒளிஞ்சவதானடி நீ? மொதல்ல நீ கைய நீட்டு. நான் உள்ள போறேன்."

முன்வரிசை முறுக்குச் சௌம்யா, நான் ஒளிந்ததை அம்மாவிடம் போட்டுக்கொடுத்தது நீதானே? இரு, வருகிறேன்.

அவையோரே, ஒளிந்தது உண்மை. அலமாரிக்குப் பின்னால், அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே ஒளிந்திருந்தேன். ஆனால் அங்கே பாருங்கள், அம்மா எழுந்துவிட்டார்கள். முந்தானையை இழுத்துச் செருகிவிட்டார்கள். இனி நான் மேடையில் நிற்பது நியாயமில்லை.

கேட்ட செவிகளுக்கெல்லாம் நன்றி. ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டேன். வணக்கத்தைத் திரும்பி வந்து சொல்கிறேன். இப்போது எங்கள் இருவருக்கும் கொஞ்சம் வழி விடுங்கள்.