ஆட்டக்கூடாத மண்ணு

இல்லண்ணே, கொழந்த இல்ல. மண்ணு. டவல்ல சுத்தி மடியில வச்சிருக்கவும் கொண்டக்டரும் அப்புடித்தான் நெனச்சாரு போல, ஒருத்தர எழுப்பி எனக்கு சீட்டு வாங்கிக் குடுத்தாரு. நானும் வாய மூடிக்கிட்டு ஒக்காந்துட்டேன். கண்டி போய்ச் சேர்ற வரைக்கும் நீங்களும் சொல்லிறாதீங்க.

மண்ணுக்கு எதுக்கு டவலா? ஆட்டக்கூடாதுண்ணே. குழாய நெலத்துல எறக்கி, உள்ள கெடந்த மாதிரியே எடுத்து, ரெண்டு பக்கமும் மெழுகு ஊத்தி அடைச்சிருக்கு. குலுங்குனா கெட்டுப்போயிரும். இப்புடிப் பொத்திப் பொத்திக் கொண்டுபோய் கேம்பஸ் ஆராய்ச்சி லெப்புல என்னா செய்வோம்ங்கிறீங்க? ஒரு இரும்புக் கம்பிய, துப்பாக்கி சுடுற மாதிரி காத்தடிச்சு விட்டு ஒரே அடி. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள நொறுங்கிரும். சிரிங்க, சிரிங்க. எங்க வீட்டுக்காரியும் கல்யாணம் முடிச்சதுல இருந்து சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா.

நானா? படிச்சவனா? நல்லா கேட்டீங்க போங்க. நான் கம்பி தொடைக்கிற ஆளு. அடிக்கிறது எங்க புரொபசர் சேர். கம்ப்யூட்டர்ல கோடு ஓடும், சேர் தலையாட்டுவாரு, நானும் சேந்து ஆட்டுவேன். ஆனா மடுல்கெல்லையில எங்க தேயிலத் தோட்டத்துல கேட்டுப் பாருங்க, அந்த மெஷினையே இராமகிருஷ்ணன்தான் செஞ்சான்னு சொல்லுவாங்க. எல்லாம் நான் விட்ட கதை. எங்க அக்கா புஷ்பம் அத்தனையும் நம்பிக்கிட்டா.

அவ குடியிருக்கிற லயத்து வீட்டுக்கு மேல ஒரு பெரிய கல்லு நிக்கிதுண்ணே. மழைக்கு மழை அடி மண்ணு கரையுது. உருண்டு வந்தா நடுவுல உள்ள நெலம் அந்த வேகத்த வாங்கிக்கிட்டு நிப்பாட்டுமா, இல்ல கல்லு நேரா அவ குசினிக்குள்ள, அடுப்புக்கே வருமா? இதான் கேள்வி. கண்டியில, மஹய்யாவையில எங்கூட வந்து இரு அக்கான்னு கெஞ்சாத கெஞ்சு கெஞ்சிட்டேன். அசைய மாட்டேங்கிறா. கடைசியா, நீ மெஷின்ல அடிச்சுப் பாருடா, தாங்காதுன்னு சொன்னா வர்றேன்னுட்டா. குழாய நானு எறக்குறப்ப பக்கத்துல குந்திப் பாத்துக்கிட்டே இருந்தா.

எப்ப அடிப்போமா? எங்கண்ணே அடிக்கிறது! மெஷின் ஒடஞ்சு மூலையில கெடக்கு. சேரும் வெளிநாடு போயிட்டாரு. வர்ற ஞாயித்துக்கெழம போயி, அடிச்சுப் பாத்தேங்க்கா, தூள்தூளாப் போச்சு, பொட்டியக் கட்டுன்னு சொல்லப்போறேன்.

இதுவும் பொய்யாவே இருக்கணும்னுதான்ணே சாமியக் கும்பிட்டுக்கிட்டு வர்றேன்.