கள்ளனுக்கு முன்னால் கை கழுவுதல்

டண்டினொங் போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். பிஸ்டல் கிளப் தொப்பி போட்டிருந்தவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"கள்ளன் வந்தா நான் முதல்ல கை கழுவோணுமோ?"

"ஏன் அண்ணை?"

"இனி வாற பிஸ்டல் எல்லாம், சொந்தக்காரன்ர விரல் ரேகை பட்டாத்தான் சுடோணுமாம். அப்பிடிச் சட்டம் கொண்டுவரப் போறாங்களாம். சோறு குழைச்ச விரலை மெஷின் எடுக்குமோ? அரசாங்கத்துக்கு விசர்."

"இப்ப பிஸ்டலை எங்க வைச்சிருக்கிறியள்?"

"இரும்புப் பெட்டிக்குள்ள."

"திறப்பு ஆரிட்ட?"

"திறப்பு இல்லை. என்ர விரலை வைச்சாத் திறக்கும்."

"சாப்பிட்ட கையாலயோ?"

நோபல் பார்க் ஸ்டேஷன் வந்தது. தொப்பிக்காரர் எழுந்தார்.

"கழுவிப்போட்டுத்தான். ஆனா தம்பி, அந்த விரல் பூட்டு நானா விரும்பிப் போட்டது. அரசாங்கம் சொல்லி இல்லை."