தண்ணீரைத் தண்ணீராகவே காத்த நாவுக்கு

இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கள் ஆலையின் சுவைச் சோதனை அறையை ஆண்டு, இன்று பணி ஓய்வு பெறும் அன்புடையீர்! கருவிகள் அயர்ந்த இடத்திலும் அயராத அரிய நாவுடையீர்! நேரில் 'அக்கா' என்றும், நீங்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் 'நாக்கக்கா' என்றும் நாங்கள் அழைத்து வந்த நல்லவரே! வணக்கம்!

வயலில் வீணே எரியும் சோளத்தட்டை இங்கே சர்க்கரையாகி, புளித்து, பிளாஸ்டிக் மணிகளாய் இறுகி, சூட்டில் இளகி, காற்றை ஊதியதும் பளிங்கு போன்ற பாட்டிலாக எழும் விந்தையை நாளும் காண்கிறோம். அதனினும் பெரிய விந்தை நீங்களே! அந்தப் பாட்டிலில் நீரடைத்து, வெப்ப அறையில் நாற்பது நாள் வைத்த பின், நீங்கள் ஒரு வாய் எடுப்பீர்கள், கண்மூடுவீர்கள், தொட்டியில் துப்புவீர்கள். குறையில்லை என்றால், "தண்ணி மாதிரி இருக்கு" என்பீர்கள். அதற்கு மேல் ஒரு பாராட்டு உங்களிடம் கிடையாது.

பதினோர் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தத் திங்கட்கிழமையை மறப்போமா! ஆலை சோளத்தட்டைப் பாட்டிலுக்கு மாறிய பின் முதன்முதலாக வாங்க வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். கருவிகள் எல்லாம் சரி என்றன. நாங்களும் குடித்துப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் மட்டும் துப்பிவிட்டு, "கருகின வாடை வருது. கையெழுத்துப் போட மாட்டேன்" என்றீர்கள்.

"இது போச்சுன்னா ஆலையையே மூட வேண்டியதுதாம்மா" என்றார் மேலாளர்.

"மூடினா மூடுங்க. நம்ம தப்பை அடுத்தவங்க வாயில ஊத்த முடியாது."

வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். இருநூறு குடும்பங்களின் பிழைப்பு அந்தரத்தில் தொங்கியது. நாங்கள் உங்களோடு பேச்சை நிறுத்தினோம். சாப்பாட்டு மேசையில் உங்கள் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

நீங்களோ கோபிக்கவுமில்லை, குழையவுமில்லை. மணிகளை உலர்த்தும் இயந்திரத்தைத் திருகு திருகாகக் கழற்றினீர்கள். பதினாறாம் நாள் அதன் அடிமூலையில், கருகி ஒட்டிய மணிகள் ஒரு கைப்பிடி அகப்பட்டன. சுத்தம் செய்யும் அட்டவணையில் அந்த மூலை விடுபட்டிருந்தது. அட்டவணையை எழுதியவரும் நீங்களே! எவரும் கவனித்திராத அந்தத் தாளை எங்கள் அனைவர் முன்னும் தூக்கிக் காட்டி, "தப்பு என்னோடதுதான்" என்றீர்களே! இன்று நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது! அதிலிருந்து நாற்பது நாள் கழித்து, "தண்ணி மாதிரி இருக்கு" என்ற அந்த மூன்று சொற்கள் வந்தன. போனவர்களும் திரும்பி வந்தார்கள்.

இப்போது உங்கள் முன் நிற்கும் பாட்டில், உங்கள் கைபடாமல் நாங்களே உலர்த்தி, ஊதி, நாற்பது நாள் வெப்ப அறையில் வைத்தது. நாளை முதல் நீங்கள் இல்லாமல் இந்த ஆலை நடக்குமா என்பது எங்களுக்கே தெரியவில்லை. விழா நாளாயிற்றே என்று இரக்கம் காட்டாதீர்கள். தொட்டியையும் கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.

உடல் நலம் குன்றாமல், உள்ளம் சோராமல், நூறாண்டு கடந்தும் நீங்கள் வாழ்க! இனி மூன்று வேளையும் அந்த நாவுக்குப் பதில் சொல்லப்போகும் உங்கள் கணவருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்!

என்றும் உங்கள்,
வெப்ப அறை முதல் வாயிற்காவல் வரையுள்ள ஊழியர்கள்

இம்மடலைக் கண்ணாடிச் சட்டமிடும் முன் சேர்த்தது: வாசித்து முடித்ததும் அக்கா பாட்டிலைத் திறந்தார். கண்ணை மூடி ஒரு வாய் எடுத்தார். கையால் தொட்டியை ஓரமாகத் தள்ளினார். பிறகு மிச்சத்தையும் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"என்னக்கா, முழுசையும் குடிச்சிட்டீங்க?" என்று கேட்டோம்.

"தாகமா இருந்துச்சு" என்றார்.