காதடைத்துப் படுத்த தெரு

எதற்கு இதைக் கேட்கிறாய்? வயிறு நிறையச் சாப்பிட்டாயிற்று. வெற்றிலையும் போட்டாயிற்று. இனி ஒரு யுத்தக் கதை வேண்டும், அப்படித்தானே? கேட்டுவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வந்து நிற்காதே. நான் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் என் வாய்க்குப் பயந்து வாத்தியாரே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பார்த்ததை மட்டும் சொல்வேன். கேட்க வந்தவன் நடுவில் எழுந்து போகக் கூடாது.

ஓடுகிறேன்.

மில் சங்கு ஊதுகிறது. வேலைக்குக் கூப்பிடுகிற ஒரே நீட்டு ஊதல் இல்லை. ஏறுகிறது. இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. தெரு முழுக்கக் கால்கள். ஒரு குழந்தை வீரிட்டு அழுகிறது. யாரோ ஒரு செம்பைப் போட்டுவிட்டார்கள். அது உருண்டு உருண்டு சாக்கடையில் விழுகிறது. எடுக்க ஆள் நிற்கவில்லை.

“குழிக்குப் போங்க. ஓடுங்க. வெளக்க அமத்துங்க.”

கத்துகிறவர் செல்லையா அண்ணாச்சி. பலசரக்குக் கடை வைத்திருந்தார். யுத்தம் வந்ததும் எங்கள் தெருவுக்குக் குண்டுவீச்சுக் காவல் பார்க்கிற வார்டன் ஆனார். கையில் ஒரு பட்டை, கழுத்தில் ஒரு விசில். அதற்குப் பிறகு மனுஷன் கடையில் உட்கார்ந்து புளி நிறுத்ததை யாரும் பார்க்கவில்லை.

நாற்பத்திரண்டாம் வருஷம். சித்திரை. வெள்ளிக்கிழமை. பொழுது மேற்கே மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. இன்னும் முழு இருட்டு இல்லை.

அந்த மாதம் மெட்ராசில் ஜனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ரயில் ஏறினார்கள். ஜப்பான்காரன் கப்பலில் வருகிறான் என்று பேச்சு. எங்கள் ராஜபாளையத்துக்கும் ஆள் வந்து இறங்கியது. ஆளுக்கு ஒரு கதை. மில் இருக்கிற ஊர், காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்கிற ஊர், அதனால் முதல் குண்டு நமக்குத்தான் என்று அண்ணாச்சி சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

தெருக்கோடியில் காலிப் பொட்டல். அங்கே பதுங்குகுழி வெட்டினோம். ஆம்பளைகள் வெட்ட, நாங்கள் மண் சுமந்தோம். நெளிந்து நெளிந்து போகிற குழி. சங்கு ஏறி இறங்கினால் அதற்குள் குப்புறப் படுக்க வேண்டும். காதில் பஞ்சு. பல்லுக்கு நடுவில் துணி. அப்படிச் செய்தால் குண்டுச் சத்தத்தில் காது கிழியாதாம், பல் உடையாதாம். மறுபடி ஒரே நீட்டாகச் சங்கு ஊதும்வரை தலை தூக்கக் கூடாது. ஒத்திகையா நிஜமா என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

மற்ற ஊரில் காதுக்குக் கடுகளவு பஞ்சு வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்? மில்லில் வேலை பார்க்கிற வீடு எல்லாவற்றிலும் கழிவுப் பஞ்சு மூட்டை இருக்கும். தலையணையில் பாதியைக் காதில் திணித்துக்கொண்டு வந்தார்கள்.

ஓடுகிறேன் என்றேன் அல்லவா. ஓடிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். வீட்டுக்குள் அத்தை இருக்கிறாள். என் வீட்டுக்காரரைப் பெற்றவள். அவர் அன்றைக்கு மில்லில். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் அவளும் நானும்தான் பகல் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருந்தோம். அவளுக்கு முட்டி மடங்காது. கூப்பிட்டேன். தூக்கவும் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

“வெள்ளிக்கிழமை வெளக்கேத்தாம வீட்டை இருட்டாப் போட்டுட்டு நான் வர மாட்டேன்.”

“குண்டு விழுந்தா என்ன செய்வீக அத்தை?”

“ஏட்டி, குழிக்குள்ள என்னைய ஒரு நாளைக்கி நீங்களே தூக்கிட்டுப் போயி வைக்கத்தான போறீக. அதுக்குள்ள என்ன அவசரம்? நீ ஓடு.”

ஓடினேன். குழிக்குள் குதித்தேன். என் பக்கத்தில் ராமக்கா. அடுத்த வீட்டுக்காரி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். குப்புறப் படுத்தோம். மண் வாசனை. வேர்வை. யாரோ வெங்காயம் தின்றுவிட்டு வந்திருந்தார்கள்.

சங்கு நின்றது.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சு அடைத்தால் உலகமே செத்துப்போகிறது. தெருவில் எவள் என்ன பேசுகிறாள் என்று தெரியாமல் நான் இருந்து பழக்கமில்லை. உடம்பு நமைச்சல் எடுத்தது. இந்தப் பக்கம் புரண்டேன். அந்தப் பக்கம் புரண்டேன். கடைசியில் பஞ்சை உருவி எறிந்தேன்.

சத்தம் கேட்டது. படபட. படபட. காய்ந்த பனையோலை எரிகிற சத்தம். அதற்கு நடுவில் எங்கள் ஆடு கத்தியது. அதற்கு நடுவில் ஒரு குரல்.

“ஏட்டி அன்னம்…”

தலையைத் தூக்கினேன். எங்கள் கூரை சிவப்பாக இருந்தது.

வானத்தைப் பார்த்தேன். விமானம் இல்லை. குண்டுச் சத்தமும் இல்லை.

“தீ. தீ. எந்திரிங்க. வீடு எரியுது.”

கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. ஊரே படுத்திருக்கிறது. முதுகு முதுகாக. நெல் மூட்டை அடுக்கிய மாதிரி. ராமக்காவை உலுக்கினேன். அவள் குண்டு விழுந்ததென்று நினைத்து இன்னும் மண்ணுக்குள் புதைந்தாள். தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக் காதுப் பஞ்சை இழுத்தேன். முழம் முழமாக வந்தது.

“ஏமம்மா, ஏமாயிந்தி?” என்ன ஆச்சு என்று கேட்டாள்.

“அத்தை உள்ள இருக்கா.”

அவளுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழியை விட்டு ஏறி ஓடினாள். மணல் வேண்டும். தண்ணீர் வேண்டும். சித்திரை மாதக் கிணற்றில் தண்ணீர் எங்கே? மணல்தான். மணல் இருந்தது. வீட்டுக்கு ஒரு இரும்பு வாளி மணல் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வைத்தோம். யுத்த காலம், இரும்பு கிடைக்காது. வாளி ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. ஒன்று மாட்டுக்குக் கழுநீர் வைக்கப் போனது. ஒன்று எங்கே போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும். இனி விட்டால் சரிப்படாது என்று அண்ணாச்சி எல்லா வாளியையும் சேகரித்துக் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் வைத்துப் பூட்டினார். பத்திரமாக இருந்தன. சாவி அவர் அரைஞாணில்.

அண்ணாச்சி எங்கே படுத்திருக்கிறார்? எல்லா முதுகும் ஒரே மாதிரி. மிதித்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு தலையாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கிழவர் சாமி சாமி என்றார். கையில் பட்டை கட்டிய ஆள் கடைசி வளைவில் கிடந்தார். இடுப்பைத் தடவிச் சாவியைத் தேடினேன். வேறு சமயமாக இருந்தால் அதை வைத்தே ஒரு வருஷம் சிரித்திருப்பேன். அவர் வாயில் துணியோடு என் கையைப் பிடித்துக் கீழே தள்ளினார்.

“படு. தலையத் தூக்காத.”

கன்னத்தில் ஒன்று விட்டேன். விசில் வாய்க்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அப்புறம்தான் கண்ணைத் திறந்து தெருப்பக்கம் பார்த்தார்.

அவர் விசில் ஊதினார். ஊதிக்கொண்டே ஓடினார். யாருக்குக் கேட்கும்?

நான் வீட்டுக்குப் போனபோது ராமக்கா மாட்டுக் கழுநீரில் நனைத்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போயிருந்தாள். நானும் போனேன். கண் தெரியவில்லை. கையை நீட்டினேன். அத்தையின் கால் தட்டுப்பட்டது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். வாசலுக்கு வரவும் கூரை உட்கார்ந்தது. தொம் என்று ஒரே சத்தம். ஆடு அதற்குப் பிறகு கத்தவில்லை.

மணல் வந்தது. சாம்பலில் கொட்டினார்கள்.

அத்தைக்கு இடுப்புக்கு மேலே வெந்திருந்தது. ராமக்கா வீட்டில் வாழையிலை விரித்துப் படுக்கவைத்தோம். விடிந்ததும் முதல் பஸ். பெட்ரோல் இல்லாத காலம். கரி போட்டு ஓட்டுகிற பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பஸ் நாலடி போகும், நிற்கும். ஆள் இறங்கிக் கரியைக் கிளறுவான். நான் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நின்றேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு தாயின் காலைப் பிடித்திருந்தார்.

அத்தை பேசினாள்.

“வெளக்கேத்திட்டு உக்காந்திருந்தேன். வெளியே அண்ணாச்சி ஓடுதாரு. வெளிச்சம் தெரியுது, வெளிச்சம் தெரியுதுன்னு கத்துதாரு. சன்னல் சாக்கு விலகிக் கெடந்துச்சு. சரி, ஊரு வம்பு எதுக்குன்னு எந்திரிச்சு இழுத்தேன்.”

அந்தச் சாக்கு. சன்னலுக்குக் கனமான துணி போட வேண்டும் என்றார்கள். துணிக்கு எங்கே போவது? தெருவே கூடிப் பேசி, சாக்குக்குள் கழிவுப் பஞ்சை அடைத்துத் தைத்து வீட்டுக்கு வீடு தொங்கவிட்டோம். ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே போகாது. நல்ல யோசனை என்று எல்லோரும் மெச்சினார்கள். அதன் நுனி விளக்கில் பட்டிருக்கிறது.

“வலிக்குதா அத்தை?”

“நீ செத்த நேரம் உக்காரு. நீ நிக்கதைப் பாத்தாத்தான் எனக்கு வலிக்குது.”

உட்கார்ந்தேன். கோபுரம் தெரிகிற இடத்தில் பஸ் மறுபடி நின்றது. கரி கிளறி முடிக்கும்போது அவள் இல்லை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆள் வந்தது, ராஜபாளையத்தில் குண்டு விழுந்த இடத்தைப் பார்க்க. சாம்பலைக் கிள்ளி முடிந்துகொண்டு போனார்கள்.

காரியம் முடிந்த அன்றைக்குத் தெருவே என் முன்னால் வந்து நின்றது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணாச்சி கையில் பட்டை இல்லை. அவர்தான் ஆரம்பித்தார்.

“தாயி, ஊரே குண்டுன்னு சொல்லுது. நாமளும் அப்படியே சொல்லிருவோமா? அவிய பேருக்கும் ஒரு கௌரவம். நமக்கும்…”

ராமக்கா வெந்த கையைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் அவர்களுக்குச் சொன்னது இதுதான்.

“அண்ணாச்சி, கேட்டுக்கோங்க. போனது எங்க அத்தை ஒருத்தி. வீடு ஒண்ணு. ஆடு ஒண்ணு. எட்டு மரக்கா கம்பு. கல்யாணத்துக்கு எடுத்த சீலை. ராமக்கா கையில மூணு விரல் இனி மடங்காது. இதுல ஜப்பான்காரன் பங்கு ஒண்ணுமில்ல. வராதவன் மேல பழி போடாதீக, பாவம். பூட்டை ஒடச்சு வாளியத் தெருவுல வைங்க, திருட்டுப் போனாப் போகட்டும். நாளைக்கிச் சங்கு ஊதுனா நீங்க எல்லாரும் போயி நல்லாக் காதை அடச்சுக்கிட்டுப் படுங்க. நான் தெருவுல நிக்கேன். எனக்குத்தான் படுக்க வராதே. குண்டு விழுந்தா நான் ஒருத்தி போறேன். தீப்பிடிச்சா உங்களை எழுப்ப ஒருத்தி வேணும்ல.”